ஆட்டுப்பாறைத் திட்டில் இரண்டு முடிச்சு

எல்டன் பீலுக்கு வேளாவேளைக்குப் பசித்ததோ இல்லையோ, யாரையாவது பார்த்து வயிறு எரிந்துவிடும். பிக்கெட் துறையில் இது தெரியாதவர் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் படகுக்குப் புது எஞ்சின் மாட்டினால் அன்று இவனுக்குச் சாப்பாடு இறங்காது. கோடையில் மாசச்சூசெட்ஸிலிருந்து கார் காராக வந்து இறங்கும் கூட்டத்தைக் கண்டால் அவன் பேச்சு நேரே சரித்திரத்துக்குப் போய்விடும். இவர்களுடைய மெய்ன் அந்த மாநிலத்தைவிட்டுத் தனி மாநிலமாகப் பிரிந்தது அவனுடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில். ஆனால் நேற்றுத்தான் பாகப்பிரிவினை முடிந்து கையெழுத்துப் போட்டது மாதிரி புலம்புவான்.

"நல்ல மண்ணையெல்லாம் அவனுங்க எடுத்துக்கிட்டானுங்க. கல்லையும் மூடுபனியையும் நம்ம தலையில கட்டிட்டானுங்க."

"மூடுபனியில பாதி அவங்களுக்கும் போகுது எல்டன், அதை நெனச்சு ஆறுதல் பட்டுக்க" என்பான் மெர்ட்டன். அவன்தான் துறையில் சிங்கி இறால் வாங்கும் ஆள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் நியாயமான ஆள்.

சிங்கி விஷயத்திலும் எல்டனுக்கு ஒரு மனக்குறை உண்டு. அவன் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் அது ஏழைச் சாப்பாடு. ரொட்டிக்குள் சிங்கி வைத்துக் கொடுத்தால் பையன்களுக்கு அவமானம். மறைவாக உட்கார்ந்து தின்பார்கள், இல்லாவிட்டால் யாரிடமாவது கொடுத்துவிட்டு வேறு ரொட்டி வாங்கிக்கொள்வார்கள். இன்று அதே சிங்கியைப் பட்டணத்துக்காரன் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்து வெண்ணெயில் முக்கி முக்கித் தின்கிறான். செத்துப்போன அப்பாவுக்காகவும் சேர்த்து எல்டன் பொறாமைப்படுவான்.

இவ்வளவும் ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடுகிற பொறாமை. ஒரு கோடையில் அது வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் யாரைப் பார்த்து வயிறு எரிந்தானோ அவளுக்கு ரோவீனா என்று பெயர். அவன் பெண்டாட்டி.

பதினைந்து வருஷம் அவனுடைய படகின் பின்பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள் ரோவீனா. எல்டன் கயிற்றை இழுப்பான், கடலடியில் கிடந்த சிங்கிக் கூண்டு மேலே வரும். மற்றதெல்லாம் அவள் வேலை. நாற்றமெடுத்த உப்பு மத்தியைப் பையில் அடைத்து இரை வைப்பாள், சிங்கியின் கொடுக்கில் ரப்பர் மாட்டுவாள், பித்தளை அளவுகோலை அதன் முதுகில் வைத்துப் பார்த்து சிறிசைக் கடலில் விடுவாள். வயிற்றில் முட்டை ஒட்டிய தாய்ச் சிங்கி வந்தால் வாலில் கத்தியால் ஒரு சின்ன வெட்டு வைத்து விட்டுவிடுவாள். வெட்டு வாங்கியதை அதன்பின் அந்தக் கடற்கரையில் யாரும் பிடிக்கக் கூடாது. அது சட்டம், சட்டத்துக்கும் முன்னால் அது மானம்.

அவளுடைய சித்தப்பா சாகும்போது தன் பழைய படகை அவளுக்கு எழுதிவைத்தார். "நானும் சொந்தமாக் கொஞ்சம் கூண்டு போட்டுப் பாக்கறேனே" என்றாள் ரோவீனா. எல்டன் துறை முழுக்கக் கேட்கும்படி சிரித்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. குளிர்காலம் பூராவும் கொட்டகையில் உட்கார்ந்து கம்பிக் கூண்டுகளைச் சரி செய்தாள். கூண்டுக் கயிற்றின் நுனியில் கட்டும் மிதவைகளுக்குச் சித்தப்பாவின் ஆரஞ்சும் கறுப்பும் பூசினாள். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். தண்ணீரில் மிதப்பது யாருடைய மிதவை என்று தூரத்திலிருந்தே தெரியும். எல்டனுக்கு வெள்ளையில் பச்சைப் பட்டை.

"எங்க போடட்டும் எல்டன்?" என்று கேட்டாள்.

"ஆட்டுப்பாறைத் திட்டுல போடு. எங்கப்பன் காலத்துலேருந்து எங்க எடந்தான். அங்க போட்டா பாறையில மோதிக் கூண்டு தூள் தூளாத்தான் வரும். போ, போட்டு உடை."

அவன் கேலிக்குத்தான் சொன்னான். அவள் அங்கேயே போட்டாள்.

முதல் வருஷம் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் மேட்டு நிலத்தில் நீலப்பழம் பறிக்கும் ஆட்கள் வந்து இறங்கிய சமயம், ரோவீனாவின் படகு கனத்தில் தாழ்ந்து தாழ்ந்து துறைக்கு வந்தது. எல்டனின் படகு மிதப்பாக வந்தது. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். மெர்ட்டன் அவளுடைய பெட்டிகளைத் தராசில் ஏற்றும்போதெல்லாம் எல்டன் வேறு பக்கம் பார்ப்பான். ஆனால் காது அங்கேதான் இருக்கும்.

அவனை அரித்தது இன்னொன்று. அவள் போகிற நேரம். அவன் அப்பா விடியற்காலையில் கடலுக்குப் போனார், எனவே அவனும் விடியற்காலையில் போவான். அவள் ஒருநாள் காலையில் போவாள், ஒருநாள் மத்தியானம், ஒருநாள் எல்லாரும் திரும்பி வரும்போது கிளம்புவாள். யாரைப் பார்க்கப் போகிறாள், எவன் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான் என்று அவன் மனம் கண்டபடி ஓடியது. பக்கத்து டன்னிங் துறையிலிருந்து இங்கே பெண் கட்டிக்கொண்டு வந்த டேரல் என்ற இளைஞனின் மிதவைகள் திட்டுக்கு அந்தப் பக்கம்தான் கிடந்தன. அவனாக இருக்குமோ? இல்லை, டேரலுக்கே சரியாகக் கூண்டு போடத் தெரியாது. ஆக அவளாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். அதுதான் அவனால் தாங்கவே முடியவில்லை.

'எப்படிப் பிடிக்கிறாய்?' என்று கேட்டிருக்கலாம். ஒரே வீடு, ஒரே மேஜை, ஒரே படுக்கை. ஆனால் தன் பின்னால் நின்று மத்தி அடைத்தவளிடம் போய்க் கேட்பதாவது! நாக்கைப் பிடுங்கிக்கொண்டாலும் கொள்வானே தவிரக் கேட்கமாட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் தேவாலயத்தின் கீழறையில் ஊர் விருந்து. ஞாயிற்றுக்கிழமை கூண்டைத் தொடக் கூடாது என்பதால் கடலாட்கள் எல்லாரும் குளித்துச் சட்டை மாற்றி வருவார்கள். கருவெல்லப் பாகும் உப்புப் பன்றியும் சேர்த்து ராத்திரி முழுக்க அடுப்பில் கிடந்த பீன்ஸ், கறுப்பு ரொட்டி, கண்ணைப் பறிக்கும் சிவப்பில் சாசேஜ். ரோவீனா நீலப்பழத்தை மாவுக்குள் வைத்து 'பை' சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். மேஜையில் முதலில் காலியானது அதுதான். எல்டன் அதையும் பார்த்துக்கொண்டான்.

மெர்ட்டன் வாய் நிறைய பீன்ஸோடு ஆரம்பித்தான். "ரோவீனா, உன்னை ஒண்ணு கேக்கணும்மா. நீ பெரிய மனசு பண்ணி இந்த எல்டனுக்கும் கொஞ்சம் தொழில் சொல்லிக்குடேன். பாவம், வெறும் படகைக் கொண்டாந்து கொண்டாந்து கட்டறான்."

அறை முழுக்கச் சிரித்தது. எல்டனும் சிரித்தான், பல்லை மட்டும் காட்டி.

"இவன் சொல்லிக்குடுத்ததுதான் மெர்ட்டன் எல்லாமே" என்றாள் ரோவீனா. "கூண்டுன்னா என்னன்னே எனக்கு இவனாலதான் தெரியும்."

உண்மையைத்தான் சொன்னாள், அன்போடுதான் சொன்னாள். எல்டனுக்கு அது மெர்ட்டனின் கேலியைவிட மோசமாக எரிந்தது. திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பான். பெருந்தன்மைக்கு என்ன பதில் சொல்வது? இவளுக்குப் பெருந்தன்மையும் இருக்கிறது, சிங்கியும் கிடைக்கிறது, நீலப்பழப் பையும் நன்றாக வருகிறது. தனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே ஆறிப்போன பீன்ஸைத் தின்றான்.

திங்கட்கிழமை மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. எல்டன் கிளம்பும்போது ரோவீனா இன்னும் வீட்டில் இருந்தாள். அவன் தன் கூண்டுகளுக்குப் போகவில்லை. திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டு, அலை உடையும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மெல்ல ஆட்டுப்பாறைத் திட்டுக்குப் போனான். ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு மிதவை படகின் ஓரத்தில் வந்து இடித்தது. அதைத் தூக்கினான். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கழிக்கொம்பில் அவளுடைய கயிற்றையே எடுத்து இறுக்கமாக ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டான். மறுபடியும் தண்ணீரில் விட்டான்.

அந்தக் கடற்கரையில் பிறந்த குழந்தைக்கும் அதன் பொருள் தெரியும். 'இது உன் இடமில்லை, எடுத்துக்கொண்டு போ.' யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள், முடிச்சுதான் சொல்லும். முதல் முடிச்சுக்குப் போகாவிட்டால் இன்னொரு தடவை விழும். அதற்கும் போகாவிட்டால் கத்தி. கயிற்றை அறுத்தால் கூண்டு அடியில் கிடந்து மக்கவேண்டியதுதான்.

அவள் நல்லதுக்காகத்தான் செய்கிறேன் என்று எல்டன் தனக்குச் சொல்லிக்கொண்டான். பாறையில் படகு மோதினால் என்ன ஆவது? அவள் யாரோ செய்தது என்று பயந்து வேறு இடம் போய்விடுவாள், படகும் பிழைக்கும், வீட்டில் அமைதியும் வரும். இப்படி ஒரு நியாயம் கிடைத்ததில் அவனுக்கு ரொம்பத் திருப்தி.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உருளைக்கிழங்கை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். "பனி மோசமா இருந்துச்சு இல்ல?" என்றாள்.

"ம். உனக்கு எப்படி? எல்லாம் சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சே. ஏன் கேக்கற?"

"சும்மாத்தான்."

முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மறுநாளும் திட்டுக்குத்தான் போனாள், மறுநாளும் படகு தாழ்ந்துதான் வந்தது. புருஷனிடம் சொல்லாமல் மறைக்கிறாளே என்று எல்டனுக்குக் கோபம் வந்தது. வேறு யாரிடம் சொன்னாளோ என்று அதற்கும் ஒரு பொறாமை. முடிச்சைப் போட்டவன் தான் என்பது அந்தக் கோபத்துக்கு நடுவே அவனுக்கு நினைவே வரவில்லை என்றால் நம்புவீர்களா? அவன் அப்படிப்பட்ட ஆள்தான்.

அடுத்த வாரம் இன்னொரு முடிச்சு போட்டான். இந்தத் தடவை வேறு ஒரு மிதவையில்.

இரண்டாவது முடிச்சை ரோவீனா பார்ப்பதற்கு முன்னால் வேறொரு படகுக்காரன் பார்த்துவிட்டான். மத்தியானத்துக்குள் துறை முழுக்கப் பேச்சு. எல்டன் படகைக் கட்டிவிட்டு மேலே ஏறி வரும்போது மெர்ட்டனின் கொட்டகையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை.

"எல்டன், ரோவீனா மிதவையில எவனோ முடிச்சுப் போட்டிருக்கான்" என்றான் மெர்ட்டன். அவன் முகத்தில் எப்போதும் இருக்கும் கேலியைக் காணோம்.

"அப்படியா?"

"அப்படியாவா? டேய், உன் பெண்டாட்டிடா! பதினஞ்சு வருஷத்துக்கு மேல இந்தத் துறையில உழைக்கறா. வெளியிலேருந்து வந்த பய அவளைப் போகச் சொல்றான்."

"எந்தப் பய?"

"டேரல்தான், வேற யாரு? அவன் மிதவைதானே பக்கத்துல கெடக்கு. டன்னிங் துறைக்காரன் புத்தி."

எல்டன் பயந்துதான் போனான். ஆனால் அந்தப் பயத்துக்கும் மேலே ஒரு எரிச்சல் வந்ததே, அதைத்தான் சொல்லவேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் எவனோ இவனுடைய கயிறுகளை அறுத்தான். அன்றைக்கு இதே ஆட்கள், 'உன் கயிறு மக்கியிருக்கும் எல்டன்' என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார்கள். ஒருவன்கூட எழுந்து நிற்கவில்லை. அவளுக்கென்றால் மட்டும் துறையே திரண்டு நிற்கிறது.

"காலையில டேரல் கயித்தையெல்லாம் அறுத்துடறோம்" என்றான் ஒருவன். "ஒண்ணு விடக் கூடாது."

டேரலுக்குக் கைக்குழந்தை. கூண்டெல்லாம் கடன் வாங்கிப் போட்டது. எல்டனுக்கு இது தெரியும், அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

மெர்ட்டன் மேஜையிலிருந்து இரை வெட்டும் கத்தியை எடுத்து எல்டனிடம் நீட்டினான். "மொதக் கயிறு நீதான் அறுக்கணும். புருஷன் நீ. உனக்குத்தான் அந்த உரிமை."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். 'அவன் இல்லை, நான்தான்' என்று மூன்றே வார்த்தை. வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் இந்த ஊர் செத்தாலும் மறக்காது. சனிக்கிழமை விருந்தில், பெட்ரோல் போடுமிடத்தில், அவன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில்கூடச் சொல்லிச் சிரிப்பார்கள், பெண்டாட்டி பிடித்த சிங்கியைப் பார்த்துப் பொறாமையில் முடிச்சுப் போட்டவன் என்று. எல்டன் கையை நீட்டிக் கத்தியை வாங்கிக்கொண்டான்.

"சரி" என்றான்.

"யாரும் டேரல் கயித்தைத் தொடக் கூடாது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ரோவீனா வாசலில் நின்றாள். இடுப்பு வரை நனைந்த ரப்பர் உடுப்போடு, நேராகப் படகிலிருந்து வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று யாருக்கும் தெரியாது.

"நீ சும்மா இரு கண்ணு, நாங்க பாத்துக்கறோம்" என்றான் மெர்ட்டன்.

"நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம். அது டேரல் இல்ல. யாருன்னு எனக்குத் தெரியும்."

"யாரு? சொல்லு."

"அது என் பாடு மெர்ட்டன். நாளைக்கு நான் கூண்டையெல்லாம் தூக்கிடறேன். திட்டு வேணும்னவங்க எடுத்துக்கட்டும்." அவள் யாரையும் பார்க்காமல்தான் பேசினாள். ஆனால் மெர்ட்டன் நியாயமான ஆள் மட்டுமல்ல, மூளையுள்ள ஆளும்கூட. அவன் மெதுவாகத் திரும்பி எல்டனைப் பார்த்தான். பிறகு கையை நீட்டிக் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஒவ்வொருவராகத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

வீட்டில் அவள் விளக்கைப் போட்டாள், கெட்டிலை அடுப்பில் வைத்தாள். எல்டன் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"எப்படித் தெரியும்?" என்றான்.

"நீ இடது கைக்காரன். கயித்தை உள்பக்கமாச் சுத்துவ. இந்தத் துறையில வேற யாரும் அப்படிச் சுத்தறதில்ல."

"அப்ப மொதத் தடவையே..."

"மொதத் தடவையே தெரியும். வெளையாட்டுக்குச் செஞ்சிருக்கான், அவனே சொல்லுவான்னு பாத்தேன். அன்னிக்கு ராத்திரி உருளைக்கிழங்கு வெக்கறப்பகூடப் பாத்தேன். நீ பனியைப் பத்திப் பேசின."

"நீதானே பனியைப் பத்திப் பேசின!"

"ஆமா. நீ முடிச்சைப் பத்திப் பேசுவன்னுதான் ஆரம்பிச்சேன்."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "ரோவீனா, அது ஒரு... எனக்கே தெரியல. எல்லாரும் உன்னையே..."

"பொறாமைன்னு சொல்லிடு எல்டன். எனக்குத் தெரியாததா? அதைப் பொறுத்துப்பேன். கல்யாணத்தன்னிக்கே எங்கக்கா புருஷனோட கோட்டு சூட்டைப் பாத்துப் பொறாமைப்பட்டவன்தானே நீ." அவள் குரல் அதுவரை சாதாரணமாகத்தான் இருந்தது. "ஆனா இன்னிக்கு அந்தப் பையன் கயித்தை அறுக்கக் கத்தியக் கையில வாங்கினியே. நான் பாத்தேன். அதை எப்படிப் பொறுத்துக்கறது?"

கெட்டில் கொதித்தது. அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்தாள்.

"நீ ரெண்டு முடிச்சுப் போட்டுட்ட. அதுக்கப்பறம் என்னன்னு எல்லாருக்கும் தெரியும். அது வர்ற வரைக்கும் நான் இங்க இருக்கமாட்டேன். டன்னிங் துறைக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன். அவங்க துறையில எடம் இருக்குன்னு ரொம்ப நாளாச் சொல்றா."

மறுநாள் சாயங்காலம் அவளுடைய கூண்டுகளெல்லாம் படகில் அடுக்கடுக்காக ஏறியிருந்தன. உடுப்புப் பெட்டியையும் கொண்டு வந்து உள்ளே வைத்தாள். டேரல் மட்டும் கூடவந்து பாரம் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மற்றவர்கள் தூரத்தில் தங்கள் படகுகளில் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றார்கள்.

எல்டன் துறையின் விளிம்பில் நின்றான். 'போகாதே' என்று சொல்லத்தான் வந்தான். வீட்டிலிருந்து வரும் வழி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தான். 'என் தப்புத்தான், போகாதே.' அவள் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். எஞ்சின் ஓடத் தொடங்கியது.

"ரோவீனா!"

"என்ன?"

அவள் அப்படியே நின்று அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் கொஞ்சம் எதிர்பார்ப்பு இருந்தது, அது அவனுக்கும் தெரிந்தது. அவன் வாயைத் திறந்தான். கோடை முழுக்க நெஞ்சில் கிடந்து அரித்தது முந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"அந்தத் திட்டுல எப்படிப் பிடிச்ச?"

அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. தராசுக்காரனிடம் பேசுவதுபோல் பதில் சொன்னாள்.

"நீங்கல்லாம் திட்டுக்கு வெளியில ஆழத்துல போடறீங்க. ஓடு கழட்டின சிங்கிக்கு ஒடம்பு மெத்துன்னு இருக்கும், பயந்துக்கிட்டுக் கல் இடுக்குல, அலை உடையற எடத்துலயே போய் ஒளிஞ்சிருக்கும். நான் அங்கயே போட்டேன். கூண்டுல எடை ஜாஸ்தி வெச்சேன், கயித்தைக் குட்டையா விட்டேன். ஓதம் ஏறி, கடல் தண்ணி நெறைஞ்சு நிக்கும்போது கொஞ்ச நேரம் பாறைக்கு மேல படகு உள்ள போகும். அந்த நேரம் பாத்துப் போவேன். உங்கப்பா போன நேரத்துக்கு இல்ல. அவ்வளவுதான்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே எல்டன். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

படகு விலகியது. கூண்டுகளின் பாரத்தில் தாழ்ந்து, மெதுவாக, துறையின் வாய்க்குப் போய் டன்னிங் பக்கமாகத் திரும்பியது. அவள் திரும்பிப் பார்த்துக் கையை ஒரு தடவை உயர்த்தினாள். எல்டன் அதைப் பார்க்கவில்லை. அவன் குனிந்து, துறையின் மரத்தூண்களில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.